ருக்குமணி அக்காவின் சமையலறை வழியாகப் போகும் வண்டிப்பாதை

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் காபி போட எழுந்துபோன ருக்குமணி அக்கா, தன் சமையலறையின் நடுவில், அடுப்பு மேடைக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் இடையில், ஒரு வண்டிப்பாதை கிடப்பதைப் பார்த்தாள். செம்மண் பாதை. இரண்டு சக்கரத் தடங்களும், தடங்களுக்கு நடுவில் அருகம்புல்லும், இரண்டு ஓரத்திலும் கிளுவை வேலியும், வேலியில் தலையாட்டிக்கொண்டு ஒரு ஓணானும் இருந்தன. சுவர்கள் இடியவில்லை, ஒரு விரிசல்கூட விழவில்லை, பாதையின் அகலத்துக்கு மட்டும் சுவர் இல்லாமலிருந்தது, அவ்வளவுதான்; சமையலறையும் தானாகக் கொஞ்சம் விலகி இடம் விட்டிருந்தது. அக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பாதையைக் கடந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கியதும் இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் புருஷனை எழுப்பினாள்.

"ஏனுங்க, நம்ம ஊட்டுக்குள்ள வழி வந்திருக்குது. எந்திரிச்சு வேட்டியை ஒழுங்காக் கட்டுங்க, ஆராச்சும் வந்தரப் போறாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வடக்குப் பக்கமிருந்து கீரைக்காரம்மா கூடையோடு வந்து, அரைக்கீரையா முளைக்கீரையா என்று கேட்டாள்.

அந்தப் பாதை எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்புறத்தில் தொடங்கி, பாரதி வீதியின் ஏழெட்டு வீடுகளுக்குள் புகுந்து புறப்பட்டு, கடைசியாக செல்லமுத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, புறவழிச்சாலைக்குக் குறுக்கே ஏறி இறங்கி, கரட்டுமேட்டுக் குடியிருப்பில் மாரப்பன் வீட்டு வாசலில் போய் முடிந்தது. எங்கிருந்து வந்தது என்று எங்கள் புதுக்கரட்டூரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்தார்கள், வந்தது என்று சொன்னால், அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள்.

வரைந்தது உண்மைதான். அந்த வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவன் நான். எங்கள் அப்பாக்கள் பிறப்பதற்கு முன்பு அளந்து வரைந்த கிராம வரைபடம் ஒன்றின் நகலும், இப்போது வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்த தாள் ஒன்றும் எனக்குக் கிடைத்திருந்தன. இரண்டையும் இரண்டு பெஞ்சில் விரித்து, நம் ஊரில் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டேன். பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம்தான் இருந்தது. அதை ஒரு வாரமாக ஏன் நீட்டினேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். பிள்ளைகளுக்காகத்தானா? அல்லது நான் முப்பது வருடமாகக் குடியிருக்கும் ஊரை எனக்கே யாராவது காட்டித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டேனா? எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைகள் புதிய படத்தில் முதலில் அவரவர் வீட்டைத் தேடினார்கள், அடுத்து பேக்கரியைத் தேடினார்கள், பிறகு அதே இடங்களைப் பழைய படத்தில் தேடி, பேருந்து நிலையம் இருந்த இடத்தில் சோளக்காட்டையும், கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் குட்டையையும் கண்டுபிடித்தார்கள். கவினேஷின் வீடு பழைய சுடுகாட்டின் மேல் இருந்தது தெரியவந்ததும் வகுப்பில் அவனுக்குத் திடீரென்று மரியாதை கூடி, அவன் பக்கத்தில் உட்கார ஆளாளுக்குப் போட்டி போட்டார்கள். கோகிலவாணி மட்டும் வேறு எதையும் தேடவில்லை. பள்ளிக்கூடம் இருக்கும் இடத்திலிருந்து கரட்டுமேட்டுக்கு நேராகப் போகும் இரட்டைப் புள்ளிக்கோடு ஒன்றின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள். வண்டிப்பாதை என்றேன். அவள் விரலைக் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டிப் பார்த்தாள்.

"இது இருந்திருந்தா நான் காலைல சாப்பிட்டுட்டு வரலாமுங்க சார்."

அவள் எதைச் சொல்கிறாள் என்று வகுப்புக்கே தெரியும். புறவழிச்சாலை வந்த பிறகு கரட்டுமேடு ஊரிலிருந்து துண்டாகிவிட்டது. இந்தப் பக்கம் பாரதி வீதி வீடுகளின் காம்பவுண்டுச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மதிலாக நின்றன. சாலையைத் தாண்டினாலும் ஊருக்குள் நுழைய வழி கிடையாது. காலையில் சாப்பிடாமல் கிளம்பி, வெகுதூரம் தள்ளியிருக்கும் சுரங்கப்பாதைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும், அல்லது பாதித் தூரத்தில், மதில் முடிகிற இடத்தில், சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்க வேண்டும். ஆனி மாதத்தில் அப்படி ஓடியபோது ஒரு பேருந்து அவளுடைய பையின் வாரை மட்டும் பிய்த்துக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து அவளுடைய அப்பா மாரப்பன், விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கண்ணோடு, அவளை மொபெட்டில் உட்காரவைத்துச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை வண்டியிலேயே தூங்கிப் போனார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவளைக் கோபியில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அத்தை நல்லவள்தான். ஆனால் அங்கே இரண்டு கைக்குழந்தைகள் இருந்தன, அத்தையும் வேலைக்குப் போகிறவள், போனால் படிப்பு என்னவாகும் என்று கோகிலவாணிக்குப் புரிந்திருந்தது.

டிரேசிங் தாளில் அந்தக் கோட்டை அவள்தான் படியெடுத்தாள். சிவப்புப் பென்சிலால், தாள் கிழிந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு அழுத்தி வரைந்தாள். திங்கள் சாயங்காலம் அதைப் புதிய படத்தின் மேல் பொருத்தி, வகுப்புச் சுவரில் குண்டூசி குத்தி மாட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். செவ்வாய் விடிந்தபோது பாதை வந்திருந்தது.

முதல் வாரம் ஊர் அதைப் பழக்கிக்கொள்வதில் கழிந்தது. வீட்டுக்குள் சைக்கிளில் வருகிறவர்கள் ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் மணியடிக்க வேண்டும், காலையில் பெண்கள் குளிக்கிற நேரத்தில் ஆண்கள் பாதையில் நடக்கக் கூடாது, மாடு ஓட்டி வருகிறவர்கள் சாணியை அவர்களே அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றெல்லாம் பேசி முடிவு செய்தார்கள். நடுவீட்டில் சுவர்க்கண்ணாடி பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தவர்கள், முகத்தில் நுரையோடு, போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தார்கள். சாயங்காலத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நாடகம் ஓடியதால், பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து மெதுவாக நடந்து வருகிறவர் முதல் வீட்டில் மாமியார் விஷம் வைப்பதையும், நடு வீட்டில் மருமகள் தம்ளரை எடுப்பதையும், கடைசி வீட்டில் பூனை அதைத் தட்டிவிடுவதையும் பார்த்துவிடலாம் என்பதால், டிவி ரிப்பேராகிக் கிடந்த வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் நடைப்பயிற்சியை ஆரம்பித்தார்கள்.

பெரிய சிக்கல் வேறிடத்திலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கால் வைத்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்காமல் எதுவும் பேச மாட்டார்கள். வந்தவர்களும் ஒரு வாய் குடிக்காமல் சொம்பைத் திருப்பித் தர மாட்டார்கள். கடன் கேட்டு வந்தவனுக்கும் உண்டு, சண்டைக்கு வந்தவனுக்கும் உண்டு. பாதை வீட்டுக்குள் போகிறது, ஆகவே பாதையில் போகிறவர்கள் வீட்டுக்குள் வந்தவர்கள். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாதையில் போகிறவனுக்குத் தண்ணீர் தர வேண்டியதில்லை என்று வேறு ஊர்க்காரர்கள் யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம், சொல்ல ஆளில்லை. சுற்றிப்போனால் ஆகிற நேரத்தில் பாதி நேரத்தில் போய்ச் சேர வேண்டிய ஆட்கள், ஏழெட்டு வீட்டிலும் ஏழெட்டுச் சொம்பு தண்ணீர் குடித்து, நலம் விசாரித்து, நடுவில் ஒரு வீட்டில் மோரும் இன்னொரு வீட்டில் முறுக்கும் தின்று, சுற்றிப் போனவர்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள். வங்கி மேலாளர் ஒருவர் காலையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் வெளியே வந்தார்.

கரட்டுமேட்டிலிருந்து கோகிலவாணியோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அந்த வழியாக வரத் தொடங்கியிருந்தார்கள். மாரப்பன் காலையில் வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினார். ஆனால் பிள்ளைகள் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் வந்தார்கள், வந்தவர்களும் முதல் பாடவேளை முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, சார், வெளியே போகோணும் என்று நின்றார்கள். தலைமையாசிரியை ஃப்ளாரன்ஸ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பாதை வந்ததிலிருந்து கழிப்பறைத் தொட்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். நான் அதை ருக்குமணி அக்காவிடம் சொன்னேன்.

அக்கா யோசித்தாள். "வாய்க்கால் தண்ணிக்கு மொறை வெக்கிறாப்ல வெச்சுக்கலாமுங்க சார்" என்றாள். அப்படியே ஆயிற்று. திங்கள்கிழமை தண்ணீர் கொடுப்பது அவள் வீட்டு முறை, செவ்வாய் அடுத்த வீட்டு முறை என்று பிரித்துக்கொண்டார்கள். முறை இல்லாத வீட்டுக்காரர்கள் பிள்ளைகள் வரும் நேரத்தில் சங்கடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்; ஒருவர் போர்வையால் மூடிக்கொண்டு தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டார்.

ஒருநாள் செல்லமுத்து என்னைப் பிடித்துக்கொண்டார். பால் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்த வரிசையில் கடைசி வீடு. பழைய படத்தைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பாதை அந்தக் காலத்தில் ஊருக்குப் பொதுவாக இருந்தது, அதன் மேல்தான் பாரதி வீதி முழுக்க மனை போட்டு விற்கப்பட்டிருக்கிறது என்பது அதில் வெயில் போலத் தெரிந்தது. பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று, உங்கள் வீடு வழியின் மேலேயே இருக்கிறது தாத்தா என்று சந்தோஷமாகக் காட்டிக் கொடுத்தார்கள்.

"எங்கப்பன் வளைச்சு மனை போட்டதுதான் கண்ணு. ஆருக்குத் தெரியாது?" என்றார் செல்லமுத்து. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாதை வந்தது போகட்டும், காம்பவுண்டுச் சுவர் போன வருடம்தான் கட்டியது, பாதை கொஞ்சம் தள்ளி வரும்படி பிள்ளைகளைத் திருப்பி வரையச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முடியுமா முடியாதா என்றே எனக்குத் தெரியாது.

புறவழிச்சாலையில் பாதை குறுக்கே போன இடத்தில், அதன் அகலத்துக்குள் மட்டும், எந்த வண்டியும் மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. காற்றாகப் பறந்து வருகிற லாரி அந்தச் செம்மண்ணில் சக்கரம் பட்டதும் ஆடி அசைந்து நகரும், தாண்டியதும் மறுபடி பறக்கும். ஓட்டுநர்கள் முதலில் இறங்கி டயரைப் பார்த்தார்கள், பிறகு ஏறிப் போனார்கள், பிறகு அந்த இடத்தில் வெற்றிலை போட்டுக்கொள்ளலாம் என்று கண்டுகொண்டார்கள். பிள்ளைகள் லாரிக்கு முன்னால் பேசிக்கொண்டே நடந்து கடந்தார்கள். சாலைத் துறையிலிருந்து இரண்டு பேர் கருவிகளோடு வந்து அளந்துவிட்டு, எங்கள் படத்தில் இங்கே ஒன்றும் இல்லை, இல்லாத பாதையை நாங்கள் எப்படி எடுப்பது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையில் பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்தார்கள். ஃப்ளாரன்ஸ் டீச்சர் பொறுப்பானவர். பிள்ளைகள் வரைந்த தாளில் சுண்ணாம்பு பட்டுவிடக் கூடாதே என்று குண்டூசிகளைத் தானே பிடுங்கி, டிரேசிங் தாளைப் பத்திரமாகச் சுருட்டி, ரப்பர் போட்டு பீரோவில் வைத்தார். அவர் சுருட்டச் சுருட்ட, பாதை கரட்டுமேட்டு முனையிலிருந்து பாயைப்போலச் சுருண்டு வந்தது. செல்லமுத்து வீட்டில் சோபா நகர்ந்து சுவரோடு சேர்ந்தது, பாத்திர வியாபாரி ஒருவர் சுருளுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி ருக்குமணி அக்காவின் சமையலறையில் தலை கிறுகிறுக்க வெளியே விழுந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து நிமிர்ந்தபோது, அவளுடைய சுவர் முழுதாக நின்றது.

மறுநாள் தாளைப் பிரித்து, புதிய படத்தின் மேல் மறுபடி வைத்தோம். அப்போதுதான் செய்த தவறு தெரிந்தது. ஒரு படத்தை இன்னொன்றின் மேல் பொருத்தும்போது, இரண்டிலும் மாறாமலிருக்கும் இரண்டு இடங்களைப் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும், கோயில் கோபுரம், பாலம் என்று ஏதாவது. கோடு வந்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் அதைக் குறிக்கவில்லை. எதையுமே சந்தேகப்படுகிற எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கையால் தோராயமாக வைத்தோம். அன்றைக்குப் பாதை காவல் நிலையத்துக்குள் போயிற்று, லாக்கப்பில் இருந்த சேவல் திருடன் சாவகாசமாக நடந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அடுத்த நாள் கொஞ்சம் திருப்பி வைத்தோம், கல்யாண மண்டபத்து மேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் பாதை வந்தது, தாலி கட்ட வந்த மாப்பிள்ளை ஒரு ஆட்டு மந்தை போகும்வரை காத்திருந்தார். மூன்றாம் நாள் வீடுகளின் மொட்டை மாடிகளின் மேலாகவே ஓடியது. முதல் கோட்டைப்போலத் திருத்தமாக வைக்க எவ்வளவு முயன்றும் முடியவில்லை. கவினேஷ்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டான். ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து, தாளைச் சுருட்டியே வைத்துவிடுங்கள் சார், நாளைக்கு எங்கே வருமென்று தெரியாமல் யாரும் கதவைத் தாழ்போட முடியவில்லை என்றார்கள். சுருட்டி வைத்தோம்.

கோகிலவாணி இரண்டு நாள் மொபெட்டில் வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை.

ருக்குமணி அக்கா அந்த மூன்று நாளும் காலையில் சொம்போடு சமையலறையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவள் புருஷன் என்னிடம் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள். அந்த ஒல்லிப் பிள்ளை எங்கே சார் என்றாள். தேர்வு வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை, திங்கட்கிழமை கோபிக்குப் போகிறாள் என்றேன். படிக்கவா என்று கேட்டாள். அத்தை வீட்டில் கைக்குழந்தைகள் இருக்கின்றன என்றேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை காலையில் கொத்தனார் அவள் வீட்டில் இருந்தார். தெற்குச் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கரிக்கட்டையால் கோடு போட்டு உடைத்தார், பிறகு வடக்குச் சுவரில் உடைத்தார். அடுத்த வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, உன் பக்கம் ஓட்டை போட்டால் என் பக்கம் சுவர்தானே இருக்கும், அறிவிருக்கிறதா என்று திட்டிவிட்டு, உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு படுத்தவர் இப்போது கொத்தனாருக்கு முன்னாலேயே தன் சுவரில் பாதியை உடைத்திருந்தார், கோணலாக. ஞாயிறு மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தால் ஓட்டைக்குள் ஓட்டையாக செல்லமுத்து வீட்டுக் கொல்லை வரைக்கும் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு மேல் அவருடைய புதுக் காம்பவுண்டுச் சுவர் நின்றது.

எல்லோரும் போய் அவர் முன்னால் நின்றோம். பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்.

"சுவத்தை ஒடச்சா மட்டும் போதுமா?" என்றார். "அந்தப் பக்கம் அந்த மண்ணு இல்லியே. லாரிக்காரன் நிப்பானா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, செல்லமுத்து வழி வுட்டதாலதான்னு சொல்லுவீங்க."

எனக்கும் அதே பயம்தான் இரண்டு நாளாக இருந்தது. ருக்குமணி அக்கா, அந்த நேரத்துக்கு நாங்கள் போய் நிற்கிறோம் என்றாள். தினமுமா என்று கேட்டார். "மொறை வெச்சுத்தான்" என்றாள் அக்கா. செல்லமுத்து எழுந்து போய்ச் சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, கேட் வைக்கிற மாதிரி நேராக உடையுங்கள், கோணலாக உடைத்தால் பார்க்கச் சகிக்காது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கவினேஷும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் ஓட்டை வழியாக ஏறிப் போய், சாலை வெறிச்சோடியிருந்த நேரமாகப் பார்த்து மாரப்பனிடம் செய்தி சொல்லி வந்தார்கள். எத்தனை மணிக்கு என்று மட்டும் அவர் கேட்டார் என்றார்கள். துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலையில் செல்லமுத்துவின் உடைந்த சுவரில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். எதிர்ப்பக்கம் மேட்டில் மாரப்பன் நின்றார், ராத்திரி ஷிப்டின் பஞ்சு தலையில் ஒட்டியிருக்க. அவருக்குப் பக்கத்தில் கோகிலவாணி. அவள் கையில் துணிப்பை இருக்கிறதா, முதுகில் புத்தகப் பை இருக்கிறதா என்று அந்தத் தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. நடுவில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. தார் கருப்பாகக் கிடந்தது, எங்கும் ஒரு பிடி செம்மண் இல்லை. ருக்குமணி அக்கா இறங்க எத்தனித்தாள், ஒரு வேனின் காற்று அவளைப் பின்னால் தள்ளியது. கையைக் காட்டினோம், சத்தம் போட்டோம், ஒருவரும் நிறுத்தவில்லை. திரும்பிப் போய்விடுங்கள் என்று கத்த வாய்வரை வந்துவிட்டது எனக்கு.

அப்போது மாரப்பன் மகளை அங்கேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் சாலைக்குள் இறங்கி வந்தார். வேகமாக வரவில்லை, தறிக்கூடத்தில் நூல் அறுந்த தறியை நிறுத்தப் போகிறவர்போல வந்து, நடுவில் நின்று, வலது கையைத் தூக்கினார். தேங்காய் நார் ஏற்றிய லாரி ஒன்று நீளமாகக் கதறிக்கொண்டு வந்து, அவருடைய கைக்கு ஒரு முழத்துக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"யோவ், சாகறதுக்கு வேற வண்டி கிடைக்கலியா?"

"புள்ள பள்ளிக்கூடம் போகுதுங்க" என்றார் மாரப்பன். கையை அவர் இறக்கவில்லை.

அந்த ஓட்டுநர் மாரப்பனைப் பார்த்தார், மேட்டில் நின்ற பெண்ணைப் பார்த்தார், சுவர் ஓட்டையில் பிதுங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அவருக்குப் பின்னால் வந்த பேருந்தும், அதற்குப் பின்னால் வந்த கார்களும், எதிர்த்திசையில் வந்த டேங்கரும் ஒவ்வொன்றாக நின்றன. ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தச் சாலை போட்ட நாளிலிருந்து நாங்கள் அங்கே கேட்டிராத அமைதியில், முதுகில் புத்தகப் பையோடு கோகிலவாணி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"எத்தனாவது படிக்குது?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"எட்டாவதுங்க."

"அப்ப ஒம்பதாவதுக்கும் இப்படித்தான் வந்து கையை நீட்டுவியா?"

"பன்னெண்டு வரைக்குமுங்க" என்றார் மாரப்பன்.

கோகிலவாணி அதைக் கேட்டாள். கேட்டதும், சாலையின் நடுவில், அத்தனை வண்டிகளுக்கும் முன்னால் ஒரு நிமிடம் நின்று அப்பாவைப் பார்த்துவிட்டு, ஓடாமல், நடந்தே எங்கள் பக்கம் வந்து சேர்ந்தாள்.